சொல்லி வைத்த விருப்பம்

ஓசூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் தளி என்னும் ஊரை அடையலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி அமைந்தது இவ்வூர். மேட்டு நிலமாதலின் கோடையிலும் இங்குக் குளிர்ந்த காற்று வீசும். அதுபற்றியே 'குட்டி இங்கிலாந்து' என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. கேழ்வரகும் கோசும் விளையும் வயல்களுக்கு இடையே, ரோசா வளர்க்கும் பசுமைக் குடில்கள் வெண்ணிறக் கூடாரங்கள் போல வரிசையாக நிற்கும். கொய்மலர்ச் சாகுபடியை உழவர்க்குக் கற்பிக்க, இசுரேல் நாட்டின் துணையுடன் அமைக்கப்பெற்ற மையம் ஒன்றும் இங்கு உண்டு. தெற்கே சவளகிரிக் காடுகள். வடக்கே ஓசூர்த் தொழிற்சாலைகள். காட்டுக்கும் ஆலைக்கும் நடுவே வாழும் மக்கள் தளி மக்கள்.

ஆயினும் இவ்வூருக்கு வருவோரின் செவியை முதலில் ஈர்ப்பது இங்கு வழங்கும் மொழிகளேயாகும். விடியற்காலையில் ஒரு தேநீர்க் கடையின் அருகே சிறிது நேரம் நின்று கேளுங்கள். கடைக்காரர் ஒருவரை நோக்கி, "ஏம் காவாலி?" என்று தெலுங்கில் வினவுவார். அடுத்து வந்தவரிடம், "ஏனு பேக்கு?" என்பார், அது கன்னடம். மூன்றாமவரிடம், "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று தமிழில் கேட்பார். வந்தவர்களுள் எவரும் தம் மொழி இன்னதென்று அவரிடம் அறிவிக்கவில்லை. என்றோ ஒருநாள் அறிவித்தனர், அதனை அவர் மறக்கவில்லை. இன்னாருக்குச் சர்க்கரை ஆகாது, இன்னாருக்கு ஆற்றாமல் கொடுக்க வேண்டும் என்பனவும் அவருக்கு மனப்பாடம். ஆனால், தேநீரைக் கலப்பவர் வேறொருவர் அல்லரோ? "அங்கே நிற்பவருக்குச் சர்க்கரை இல்லாமல்" என்று கடைக்காரர் உள்ளே குரல் கொடுக்க வேண்டும். கலந்து முடித்த பின்னர்க் குரல் கொடுத்தால் தேநீர் வீண். அடுத்தவருக்கு உரியதை இவருக்குச் சொல்லிவிட்டாலோ பெருந்தவறு. அறிந்திருத்தல் ஒன்று, அறிந்ததை உரிய நேரத்தில், உரியவர் பொருட்டு, செய்பவனிடம் சேர்ப்பித்தல் மற்றொன்று. இவ்விரண்டாவது செயல் கணினிகளுக்கு இடையே எங்ஙனம் நிகழ்கிறது என்பதையே இப்பாடத்தில் காணப் போகிறோம்.

மாணவர்களே! விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை நீங்கள் அறிவீர்கள். அது 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. கன்னட, தமிழ், தெலுங்கு விக்கிப்பீடியாக்கள் மூன்றும் 2003 என்னும் ஒரே ஆண்டில் தோன்றின. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கக் காலத்தில் ஏறக்குறையத் தனியொருவராக நின்று வளர்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் ஆவார். அது 2017-ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. தளியில் தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழைப் பள்ளி மொழியாகவும் கொண்ட ஒரு மாணவி, இம்மூன்று களஞ்சியங்களையும் படிக்க இயலும், எழுதவும் இயலும். அவள் புகுபதிகை செய்தவுடன், பொத்தான்களின் பெயர்கள் அவள் விரும்பிய மொழியில் தோன்றுகின்றன. நாளும் நேரமும் அவள் விரும்பிய முறையில் எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகையும் அவள் பழகிய முறையிலேயே எழுத்துகளைத் தருகின்றது. தேநீர்க் கடைக்காரரைப் போலவே அப்பக்கமும் அவளை அறிந்திருக்கின்றது. அவ்வறிவு அதற்கு எங்கிருந்து வந்தது?

இதில் ஈடுபடும் கணினிகள் இரண்டு. ஒன்று, எங்கோ தொலைவிலிருந்து பக்கத்தை ஆக்கி அனுப்பும் வழங்கி. மற்றொன்று, மாணவியின் எதிரே உள்ள கணினி. அதிலுள்ள உலாவி என்னும் மென்பொருள் அப்பக்கத்தைப் பெற்றுத் திரையில் வரைகின்றது. செனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக் கூடத்தில் 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்சு-லீ என்பவர் வலையை வகுக்கத் தொடங்கியபோது, இவ்விருவரின் உறவை மிக எளியதாக வைத்தார். உலாவி கேட்கும், வழங்கி கொடுக்கும், கொடுத்தவுடன் மறந்துவிடும். அடுத்த நொடியில் அதே உலாவி மீண்டும் கேட்டாலும், முன்பின் அறியாதவரைப் போலவே வழங்கி விடையளிக்கும். இம்மறதியைக் குறை என்று கருதிவிடாதீர்கள். கோடிக்கணக்கான மக்களுக்கு விடையளிக்க வேண்டிய வழங்கிக்கு அது பெருஞ்சுமையைக் குறைத்தது.

எனினும், ஒருவரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய தேவை விரைவிலேயே எழுந்தது. 1994-ஆம் ஆண்டில் நெட்சுகேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மோன்டுல்லி என்னும் பொறியாளர், 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பைக் கண்டுபிடித்தார். பெரிய கோயில்களில் காலணிகளைக் கொடுத்துவிட்டு நாம் பெறும் வில்லையைப் போன்றது அது. வழங்கி ஒரு குறியை உலாவியிடம் கொடுத்து வைக்கும். உலாவி ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அக்குறியை உடன் காட்டும். குறியைக் கண்டவுடன் வழங்கி, "இவர் இன்னார்" என்று தன் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கும்.

அப்பதிவேடு யாது? விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. அதன் தரவுத்தளத்தில் விருப்பத்தேர்வுகளுக்கென ஓர் அட்டவணை உளது. அதில் உள்ள நிரல்கள் மூன்றே: யாருடையது, எந்த விருப்பம், அதன் மதிப்பு யாது. இதில் ஒரு சிக்கனமும் உண்டு. எல்லார்க்கும் பொதுவாக அமைந்த இயல்பு நிலையை எவர் மாற்றவில்லையோ, அவர் பெயரில் அவ்வட்டவணையில் ஒரு வரியும் இராது. மாற்றிய விருப்பங்கள் மட்டுமே எழுதப்படும். நம் தேநீர்க் கடைக்காரரும் சர்க்கரை விரும்பும் நூறு பேரை நினைவில் வைப்பதில்லை. வேண்டா என்னும் நான்கைந்து பேரையே நினைவில் வைக்கிறார். நல்ல கணக்கர் எங்கும் ஒரே வழியைத்தான் கைக்கொள்வர் போலும்!

விருப்பங்களுள் சில வழங்கியிடத்திலேயே நிறைவேறிவிடும். பொத்தான்களின் மொழி தமிழா தெலுங்கா என்பதைப் பக்கத்தை ஆக்கும்போதே வழங்கி பார்த்துக்கொள்ளும். நாள் எழுதும் முறையும் அத்தகையதே. சமையற்கட்டிலேயே சர்க்கரையின்றிக் கலந்துவிட்டால், பரிமாறுபவர் அதனை அறிய வேண்டுவதில்லை அன்றோ? ஆனால், எல்லா விருப்பங்களும் இவ்வாறு முன்னரே தீர்ந்துவிடுவன அல்ல.

1995-ஆம் ஆண்டில் அதே நெட்சுகேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை ஆக்கினார். அதன் பின்னர், பக்கத்துடன் சிறு நிரல்களும் வந்து உலாவியினுள்ளேயே வேலை செய்யலாயின. நாம் ஒரு விசையை அழுத்தியவுடன் அதனை ஆங்கில எழுத்தாகக் கொள்ளாது தமிழெழுத்தாக மாற்றித் தருவது இத்தகைய நிரலே. விக்கிப்பீடியாவில் 2013-ஆம் ஆண்டில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான மொழித்தேர்வுக் கருவி ஒன்று அமைக்கப்பெற்றது. தமிழுக்கு அதில் பல விசைப்பலகை முறைகள் உள. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' என்பது ஒன்று. ஒலிக்கு ஏற்ப ஆங்கில எழுத்தை அழுத்தும் எழுத்துப்பெயர்ப்பு முறை இன்னொன்று. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெரிதும் வழங்கும் பாமினி முறையும் உண்டு.

முறை மாறினால் என்ன கேடு என்று வினவுவீர்கள். ஒன்றைச் செய்து பாருங்கள். தமிழ்99 முறையில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து பொறித்த விசை அகரத்தைத் தரும். 'கே' பொறித்த விசை மகரத்தைத் தரும். ஏ, கே, கே என மூன்று விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால், இரட்டித்த மகரத்தின் முதலெழுத்துக்குத் தானே புள்ளி இட்டு 'அம்ம' என்று அம்முறை எழுதும். எழுத்துப்பெயர்ப்பு முறையிலோ அதே மூன்று விசைகள் 'அக்க்' என்று காட்டும். அம்மாவை அழைக்கப் போனவளின் முன்னே அக்காவில் பாதி வந்து நிற்கும்! எழுதுபவள் தன் விரல்களையே ஐயுறுவாள். தமிழில் எழுதவே தனக்கு வராது என்று எண்ணி எழுந்து போய்விட்டாலும் வியப்பில்லை. வழங்கியின் அட்டவணையில் 'இவளுக்குத் தமிழ்99' என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தும், அச்செய்தி உலாவியில் உள்ள நிரலின் கைக்கு வந்து சேராவிட்டால் அவளைப் பொறுத்தவரை அஃது எழுதப்படாததேயாகும்.

எனவே, செய்தியைச் சேர்ப்பிக்கும் வழி வேண்டும். நிரலே வழங்கியிடம் மீண்டும் சென்று, "இவர் விருப்பம் யாது?" என்று கேட்டு வரலாம். இது முறையான வழியே. ஆனால் காலம் கடக்கும். கேள்வி கடல் கடந்து சென்று விடை திரும்பி வருமுன் பக்கம் திரையில் வரையப்பட்டுவிடும். நகரத்து விரைவிணைப்பில் அஃது ஒரு நொடிக்கும் குறைவு. காட்டோரத்துச் சிற்றூரில் அலைபேசிக் கோபுரத்தின் குறிகை மெலிந்திருக்கும் வேளையில் பல நொடிகள் ஆகும். அதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. பக்கத்தை அனுப்பும்போதே, அதன் தலைப்பகுதியில் விருப்பங்களை ஒரு சீட்டாக எழுதிச் சேர்த்துவிடுவதே அவ்வழி. சீட்டில் இருப்பவை இணை இணையான சொற்கள்: விருப்பத்தின் பெயர், அதன் மதிப்பு, அடுத்த பெயர், அடுத்த மதிப்பு. இவ்வாறு எழுதும் முறைக்கு ஜேசன் என்று பெயர். டக்ளஸ் கிராக்ஃபர்டு என்னும் அமெரிக்க நிரலாளர் 2001-ஆம் ஆண்டை ஒட்டி அதனை வகுத்துப் பரப்பினார். பக்கம் வந்து சேரும்போதே சீட்டும் வந்து சேர்கின்றது. நிரல் கண் விழித்தவுடன் அதனைக் காண்கின்றது. மீடியாவிக்கி இவ்வழியையே கையாள்கின்றது.

காலம் தவறுவதால் விளையும் இடரை மற்றோர் எடுத்துக்காட்டாலும் அறியலாம். ஓசூர் ஆலையில் இரவுப் பணி முடித்து, விடியுமுன் வீடு திரும்பும் தொழிலாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வீட்டார் உறங்குகின்றனர், விளக்கேற்ற மனமில்லை. அலைபேசியில் ஏதேனும் படிக்க விழைகிறார். கண் கூசாமல் இருக்கக் கருநிறப் பின்னணியைத் தேர்ந்து வைத்துள்ளார். விக்கிப்பீடியாவில் இவ்வசதி 2024-ஆம் ஆண்டில் வந்தது. பக்கம் முதலில் வெள்ளையாக வரையப்பட்டு, விருப்பம் பின்னர்த் தெரிந்து, அதன்பின் கருநிறமாக மாறுமாயின், அந்த அரை நொடியில் இருட்டறையில் மின்னல் அடித்தாற் போலிருக்கும். இறுதியில் விருப்பம் நிறைவேறியது உண்மையே. ஆயினும் அதற்குள் கண் கூசிவிட்டது. ஆதலால் புகுபதிகை செய்தவருக்கு, பக்கத்தின் முதற்குறியிலேயே நிறத்தைச் சொல்லும் ஓர் அடையாளத்தை வழங்கி எழுதி அனுப்புகின்றது. பக்கத்தின் உடற்பகுதி பிறக்குமுன் நிறம் உறுதியாகிவிடுகின்றது.

நிற்க. இதுவரை ஒருவரையே நினைத்துப் பேசினோம். வழங்கியின் வாயிலில் நிற்போரோ கோடிக்கணக்கானோர். இங்குத்தான் காலத்தவறினும் கொடிய இடர் ஒன்று மறைந்துள்ளது.

விக்கிப்பீடியாவின் முதன்மைத் தரவு மையங்கள் அமெரிக்க நாட்டில், வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னிலும் டெக்சாஸ் மாநிலத்துக் கரோல்டனிலும் உள்ளன. தளியில் ஒருவர் ஒரு கட்டுரையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சென்று புதிதாய் ஆக்கி வருவதென்றால் நேரமும் ஆற்றலும் வீணாகும். அதனால், ஒருமுறை ஆக்கிய பக்கத்தின் படியை வழியிலுள்ள இடைநிலைக் கணினிகள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஆசியாவுக்கு அருகாக அத்தகைய மையம் ஒன்று 2018-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அமைந்தது. புகுபதிகை செய்யாமல் படிப்பவர் அனைவர்க்கும் ஒரே படிதான். சிங்கப்பூரிலிருந்தே அது விரைந்து வந்துவிடும். புகுபதிகை செய்தவருக்கோ பக்கம் அவர்க்கெனத் தனியே ஆக்கப்படுகின்றது. அவருடைய சீட்டு அதனுள் இருக்கின்றதே!

அவ்வாறு ஒருவர்க்கென ஆக்கிய பக்கத்தை இடைநிலைக் கணினி தவறுதலாகச் சேர்த்து வைத்து, அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டால்? அது நேர்ந்திருக்கின்றது. 2015-ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில், ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தின் மீது பெருந்தாக்குதல் ஒன்று நடந்தது. அதனைத் தாங்குவதற்காக இடைநிலைக் கணினிகளின் அமைப்பை மாற்றியபோது பிழை புகுந்துவிட்டது. ஒருவர் தம் கணக்கைத் திறந்தால் முன்பின் அறியாத மற்றொருவரின் பக்கம் தோன்றியது. சிலரின் மின்னஞ்சல் முகவரி, பொருள் வாங்கிய வரலாறு முதலியன அயலார் கண்ணில் பட்டன. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு பிறர்க்குக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. எவரும் பூட்டை உடைக்கவில்லை. சீட்டு மாறிப் போயிற்று, அவ்வளவே.

இவ்வகையில் மீடியாவிக்கியை ஆக்கியோர் செய்த ஏற்பாடு பாராட்டத் தக்கது. அவர்கள் சீட்டை இரண்டாகப் பிரித்தனர். எல்லார்க்கும் பொதுவான இயல்பு நிலைகள் ஒரு தனிக் கோப்பில் வைக்கப்பட்டன. அதனை யாரும் எங்கும் சேர்த்து வைக்கலாம். அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் தமக்கென மாற்றிய விருப்பங்கள் மட்டும் தனியாள் சீட்டில் எழுதப்பட்டு, அவருடைய பக்கத்தின் உள்ளேயே பொதிக்கப்படும். தனிக் கோப்பாக அதற்கு முகவரி கிடையாது; முகவரி இல்லாததை வழியில் எவரும் தனியே கேட்டுப் பெற முடியாது. உலாவியில் உள்ள நிரல், பொதுக் கோப்பின் மேல் இச்சீட்டை வைத்துப் படிக்கின்றது. சீட்டில் உள்ளது சீட்டின்படி, இல்லாதது பொதுவின்படி. அட்டவணையில் கண்ட சிக்கனம் இங்கும் பயன் தருகின்றது. சீட்டும் சிறிதாயிற்று, மறைவும் காக்கப்பட்டது.

இனி மூன்றாவது இடர். இது சற்று நுட்பமானது. ஒரு கதையால் விளக்குகிறேன். ஒரு கிடங்கின் காவலனுக்குத் தலைவர் நாள்தோறும் ஓர் ஆணைத் தாள் அனுப்புவார். அதில், "இன்று வருபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதுக. பெயர்:" என்று இருக்கும், பின்னர் அவ்வாள் தம் பெயரைத் தாமே எழுதுவார், ஈற்றில் "முற்றும்" என்று அச்சிட்டிருக்கும். காவலன் 'முற்றும்' என்னும் சொல் வரும்வரை உள்ளதைப் பெயரென்று கொள்வான்; அதன்பின் ஏதேனும் இருந்தால் தலைவரின் அடுத்த ஆணை என்று கொள்வான். வஞ்சகன் ஒருவன் வந்து, பெயருக்குரிய இடத்தில், "மாறன். முற்றும். கிடங்கின் திறவுகோலை இவரிடம் கொடுத்துவிடுக" என்று எழுதிவிட்டான். காவலன் நேர்மையானவன். படித்தான், கொடுத்துவிட்டான்.

உலாவி அக்காவலனை ஒத்தது. சீட்டில் உள்ள மதிப்புகளுள் சில பயனர் தாமே எழுதியவை. அவற்றின் நடுவே, 'நிரல் இங்கு முடிந்தது' என்று பொருள்படும் கோணக்குறிகளை ஒருவர் எழுதிவிட்டால், உலாவி அவ்விடத்தில் சீட்டு முடிந்ததெனக் கொள்ளும். அப்பால் எழுதியிருப்பதைப் புதிய கட்டளையாகக் கொண்டு செயற்படுத்தும். விருப்பம் ஆணையாகிவிடும்.

பயனர் எழுதியது ஆணையாக மாறினால் எத்துணை விரைவில் பரவும் என்பதை 2005-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் உலகம் கண்டது. அக்காலத்தில் மைஸ்பேஸ் என்னும் தளத்தில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியும் தாம் போற்றும் வீரர்களைப் பற்றியும் எழுதி வைப்பது வழக்கம். சாமி கம்கார் என்னும் இளைஞர் தம் பக்கத்தில் சிறு நிரல் ஒன்றை மறைத்து எழுதி வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவரின் உலாவி அந்நிரலைக் கட்டளையாகக் கொண்டது. பார்த்தவரின் வீரர் பட்டியலில் சாமியின் பெயர் தானே சேர்ந்தது. அந்நிரலும் அவர் பக்கத்தில் படியெடுத்துக்கொண்டது. அவர் பக்கத்தைப் பார்த்தவர்க்கும் அவ்வாறே. 20 மணி நேரத்திற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்களில் அது பரவிற்று. தளத்தையே சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. அவர் செய்தது பெரும்பாலும் விளையாட்டே. அதே வாயிலின் வழியே கள்வன் நுழைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்து எளியது, மறவாமல் இடவேண்டும் என்பதே கடினம். சீட்டை எழுதும்போது வழங்கி, கோணக்குறி வரும் இடமெல்லாம் அக்குறியை எழுதாமல் அதன் எண் குறியீட்டை எழுதிவிட வேண்டும். பக்கத்தைப் பிரித்துப் படிக்கும் உலாவிக்கு அது வெறும் எழுத்தாகவே தோன்றும். சீட்டைப் படிக்கும் நிரலுக்கோ அது மீண்டும் கோணக்குறியாகவே விளங்கும். பொருள் சிறிதும் குறையாது. ஆணையாகும் ஆற்றல் மட்டும் நீங்கிவிடும். மீடியாவிக்கியில் இவ்வேலையை ஒவ்வொரு நிரலாளரின் நினைவுக்கும் விட்டுவிடவில்லை. ஜேசன் எழுதும் பொதுக்கருவியே இயல்பாக அதனைச் செய்துவிடுகின்றது. மனிதரின் மறதியை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

சீட்டு ஒருவழிப் பயணம் அன்று. நம் மாணவி ஒருநாள் எழுத்துப்பெயர்ப்பை விடுத்துத் தமிழ்99 முறைக்கு மாறுகிறாள் என்று கொள்வோம். நிரல் உடனே புதிய முறையைக் கைக்கொள்ளும். வழங்கிக்கும் அச்செய்தியை அனுப்பி அட்டவணையில் திருத்தச் செய்யும். அப்போது, வழங்கி முன்னரே கொடுத்திருந்த ஓர் இரகசியச் சொல்லையும் உடன் காட்ட வேண்டும். வேறொரு தளத்தின் நிரல் அவள் பெயரால் வந்து, அவள் அறியாமல் விருப்பங்களை மாற்றிவிடாதிருக்கவே இக்காவல்.

மூன்று மொழிகள் வழங்கும் ஊருக்கு மற்றொரு நன்மையும் கிடைத்தது. முன்னாளில் தமிழ் விக்கிப்பீடியாவில் சொல்லி வைத்த விருப்பம் தெலுங்கு விக்கிப்பீடியாவுக்குத் தெரியாது, கன்னடத்திற்கும் தெரியாது. வாயில்தோறும் மீண்டும் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டில் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான விருப்பத்தேர்வுகள் வந்தன. இப்போது ஒருமுறை சொன்னால் போதும். தெலுங்குக் கட்டுரையைப் படிக்கும்போதும் பொத்தான்கள் தமிழில் இருக்க வேண்டுமெனில் இருக்கும். கன்னடக் கட்டுரைக்குத் தெலுங்குப் பொத்தான்கள் வேண்டுமெனினும் இருக்கும். தாய்மொழி ஒன்று, பள்ளி மொழி ஒன்று, சந்தை மொழி ஒன்று என வாழும் பிள்ளைகளுக்கு இது சிறு வசதி அன்று.

புகுபதிகை செய்யாதவர் நிலை யாது என்று கேட்பீர்கள். அவர்க்கு அட்டவணையில் இடமில்லை. வழங்கி அவரை அறியாது. அவர் தேர்ந்த நிறமும் விசைப்பலகையும் அந்த ஒரு கணினியின் உலாவியிலேயே சேமிக்கப்படும். நிறத்திற்காக மட்டும் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு சிறு நிரல் அமர்ந்திருக்கும். உடற்பகுதி வரையப்படுமுன் அது குக்கியைப் பார்த்து நிறத்தைத் திருத்திவிடும். சிங்கப்பூரிலிருந்து எல்லார்க்கும் ஒரே படி வந்தாலும், இருட்டில் படிப்பவரின் கண் காக்கப்படுவது இவ்வாறே. ஆனால் கணினி மாறினால் விருப்பம் உடன் வாராது. அது மட்டுமன்று, அக்கணினியில் அடுத்து அமர்பவர்க்கு முன்னவரின் விருப்பமே காத்திருக்கும்.

பள்ளிக் கணினி அறையில் இதனை நீங்களே காணலாம். முற்பகல் வகுப்பில் ஒருவர் எழுத்துப்பெயர்ப்பு முறையைத் தேர்ந்து எழுதிவிட்டுச் செல்கிறார். பிற்பகலில் வருபவள் தமிழ்99 பழகியவள்; புகுபதிகை செய்ய நேரமில்லை. அமர்ந்தவுடன் ஏ, கே, கே என்று அழுத்துகிறாள். திரையில் 'அக்க்' என்று எழுகின்றது. கணினி பழுதென்று எவரையும் அழைக்க வேண்டுவதில்லை. எழுதும் பெட்டியின் அருகே விசைப்பலகைப் படம் ஒன்று தோன்றும். அதனைத் தொட்டால் முறைகளின் பட்டியல் விரியும். தமிழ்99 என்பதைத் தேர்ந்துவிட்டு, அழித்து, மீண்டும் அதே மூன்று விசைகளை அழுத்தினால் 'அம்ம' வரும். நான்காவதாகக் 'கியூ' பொறித்த விசையை அழுத்தினால் 'அம்மா' ஆகிவிடும். எழுந்து செல்லுமுன், அடுத்து வரும் தோழி எம்முறை பழகியவள் என்று ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் உண்டு.